ஆடவிடுவதா, நிறுத்துவதா, நீக்குவதா? வன்னிக் கழகங்கள் முன்கூட்டியே எடுக்க வேண்டிய முடிவு

வன்னியில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் பருவகாலம் முழுவதற்கும் பணம் பேசி எடுத்த முன்கள வீரர் மீது, இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவருடைய மனைவி பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகசபை அன்றிரவே கூடும். "அது வீட்டுப் பிரச்சினை, அதற்குள் நாங்கள் ஏன் போக வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். "இப்போதே கழகத்தை விட்டுத் துரத்துங்கள்" என்று இன்னொருவர் எழும்புவார். சீருடைக்கும் பயணச் செலவுக்கும் கனடாவில் இருந்து பணம் அனுப்பியவர் தொலைபேசியில் தன் பங்குக்கு ஒன்று சொல்வார். "இறுதியாட்டம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பதே பெரும்பாலும் வெல்லும். முறைப்பாடு கொடுத்த பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படாமலே கூட்டம் கலைந்துவிடவும் கூடும்.

இந்த முடிவை அப்படியொரு இரவுக்கு விட்டுவைக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கழகத்தின் முன் இருக்கும் வழிகள் நான்கைந்துதான். அவை எல்லாவற்றையும் உலகின் பெரிய கழகங்கள் செய்து பார்த்திருக்கின்றன, அதற்கு விலையும் கொடுத்திருக்கின்றன. அவர்களுடைய கணக்கு மில்லியன்களில், எங்களுடையது ஆயிரங்களில். ஆனாலும் கூட்டத்தில் எழும் கேள்விகள் ஒன்றுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துக் கழகங்களுக்கு எந்த வழி பொருந்தும் என்று பார்க்கும்போது, கழகத்தின் பெயர் காப்பாற்றப்படுமா என்பதை நான் இரண்டாவது இடத்திலேயே வைக்கிறேன். முறைப்பாடு கொடுத்தவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதே என் முதற்கேள்வி.

அதற்கு முன் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் வீரர் தகுதி, இடமாற்ற விதிகளின்படி, கழகத்தோடு எழுத்து மூல ஒப்பந்தம் வைத்திருந்து, ஆட்டத்துக்காகத் தான் செய்யும் செலவைவிடக் கூடுதலாகப் பணம் பெறுபவரே தொழில்முறை வீரர். மற்ற எல்லோரும் அமெச்சூர் வீரர்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று ஆண்டுகள்தான் எல்லை. நியாயமான காரணம் இருந்தால் எந்தத் தரப்பும் நட்டஈடு கொடுக்காமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 14ஆம் பிரிவு. காரணமில்லாமல் முறித்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், 15 நாள் அவகாசத்துடன் எழுத்தில் அறிவித்தல் கொடுத்துவிட்டு வீரர் விலகலாம். எது நியாயமான காரணம் என்பதற்கு விதிகளில் பட்டியல் இல்லை. அது ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாகவே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் சண்டை வரும்போது கைகொடுக்கும்.

எங்கள் பக்கத்தில் பணம் இருக்கிறது, எழுத்து இல்லை. ஆட்டத்துக்கு இவ்வளவு, கோல் அடித்தால் மேலதிகமாக இவ்வளவு, பஸ் காசு, சாப்பாடு என்று எல்லாம் வாய்ப்பேச்சில் முடிகிறது. விதிகளின் கண்ணில் இவர்கள் அமெச்சூர் வீரர்கள். ஆனால் வீட்டில் அரிசி வாங்குவதும் பிள்ளைக்குக் கொப்பி வாங்குவதும் அந்தப் பணத்தில்தான். மேசன் வேலையும் கடற்றொழிலும் இல்லாத மாதங்களில் சுற்றுப்போட்டிப் பணமே குடும்பத்தின் வருமானமாக இருக்கும் வீடுகள் இங்கே உண்டு. கீழே வருவதையெல்லாம் இந்த ஒரு விடயத்தை நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

முதல் வழி, நீதிமன்றம் சொல்லும்வரை ஆடவிடுவது. கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். இங்கிலாந்தின் சண்டர்லண்ட் கழகம் இதைத்தான் செய்தது. அதன் வீரர் அடம் ஜோன்சன், சிறுமி ஒருவர் தொடர்பான குற்றச்சாட்டில் 2015 மார்ச்சில் கைதானார். கழகம் அவரை இடைநிறுத்தியது. மூன்று வாரம்கூட அது நீடிக்கவில்லை. அதன் பிறகு ஓர் ஆண்டுக்குக் கிட்ட அவர் ஆடினார். வழக்கு விசாரணை தொடங்கவிருந்த சில நாட்களுக்கு முன் லிவர்பூலுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். 2016 பெப்ரவரியில் நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை அவரே ஒப்புக்கொண்டார். மறுநாளே கழகம் அவரை நீக்கியது. அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வழக்கின் முக்கிய ஆவணங்கள் கழகத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியின் கைக்கு 2015 மே மாதத்திலேயே வந்திருந்தன என்பது பின்னர் வெளிவர, அவரும் பதவி விலக நேர்ந்தது. அந்த மாதங்கள் முழுவதும் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுமியும் அதே கழகத்தின் ரசிகை.

நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பது ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா என்று தீர்மானிப்பதற்கான நீதி. கழகத்தின் சீருடையை அணிவதற்கு அப்படி ஓர் உரிமை யாருக்கும் கிடையாது. காயப்பட்டவரையும், பயிற்சிக்கு ஒழுங்காக வராதவரையும் நாங்கள் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல்தானே வெளியில் இருத்துகிறோம்? எங்கள் நாட்டில் வழக்குகள் தவணை தவணையாக இழுபடுவதையும் சேர்த்துப் பாருங்கள். தீர்ப்பு வரட்டும் என்றால், வீரர் ஓய்வு பெறும்வரை ஆடட்டும் என்பதே பல வேளைகளில் அதன் பொருள். இறுதியாட்டத்தில் அவர் கோல் போட்டதும் ஊரே தூக்கிக் கொண்டாடும்போது, அந்தச் சத்தம் ஒழுங்கை ஒன்று தள்ளியிருக்கும் அவருடைய வீட்டுக்கும் கேட்கும். அதற்குப் பிறகு முறைப்பாட்டைத் திரும்பப் பெறச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு வரும் நெருக்குதலைக் கழகமே உண்டாக்கியதாகிவிடும்.

அபராதம் போட்டுவிட்டு ஆடவிடுவது இதன் மெல்லிய வடிவம். வெஸ்ட் ஹாம் வீரர் கேர்ட் சூமா தன் பூனையை உதைக்கும் காணொளி 2022 பெப்ரவரியில் வெளிவந்தபோது, கழகம் அவரை மறுநாள் ஆட்டத்தில் இறக்கியது. பின்னர் 250,000 பவுண் அபராதம் விதித்து, அதை விலங்குநல அமைப்புகளுக்குக் கொடுத்தது. மதுபோதையில் கலாட்டா, சூதாட்ட விதி மீறல் போன்ற, வேறொருவரின் உடலில் காயம் விழாத சம்பவங்களுக்கு அபராதம் பொருந்தலாம். மனிதரை அடித்ததற்கு அபராதம் என்பது அடிக்கு விலை குறிப்பதாகும். அதிலும் வன்னியில் அந்த அபராதம் வீட்டுச் செலவில் இருந்துதான் போகும்.

அடுத்தது நீக்குவது. கோபம் வரும்போது மனம் முதலில் தேடுவது இதைத்தான். அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் 'அமெரிக்கன் ஃபுட்போல்' லீக்கில் நடந்த ரே ரைஸ் விவகாரத்தை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கழகம் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றிலேயே இருக்கின்றன. ரைஸ், பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் நட்சத்திரம். 2012இல் ஐந்து ஆண்டுகளுக்கு 35 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தவர். 2014 பெப்ரவரியில் அட்லாண்டிக் சிற்றியில் ஒரு சூதாட்ட விடுதியின் மின்தூக்கிக்குள், தான் மணமுடிக்கவிருந்த பெண்ணை அடித்து மயங்கி விழச் செய்தார். மே மாதத்தில் கழக வளாகத்தில் செய்தியாளர் சந்திப்பு ஒன்று நடந்தது. அதற்குள் மனைவியாகிவிட்டிருந்த அந்தப் பெண்ணும் அவரருகில் அமர்த்தப்பட்டார். அன்றிரவு நடந்ததில் தன் பங்குக்காக அவர் வருந்துகிறார் என்று கழகம் தன் சமூக ஊடகப் பக்கத்தில் எழுதியது. அடி வாங்கியவரின் வாயால் மன்னிப்பு! லீக் தலைவர் விசாரித்தபோதும் கணவனை அதே அறையில் வைத்துக்கொண்டே மனைவியிடம் பேசினார். ஜூலையில் கிடைத்த தண்டனை இரண்டு ஆட்டங்கள்.

செப்டம்பர் 8ஆம் திகதி மின்தூக்கிக்குள் பதிவான காணொளி வெளிவந்தது. அன்றே கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. லீக் காலவரையின்றி இடைநிறுத்தியது. நடந்தது என்ன என்பது அதற்கு முன்பும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தபோது இரண்டு ஆட்டம், படத்தில் பார்த்தபோது காலவரையற்ற தடை. நவம்பரில் நடுவராக அமர்ந்த முன்னாள் நீதிபதி அந்தக் காலவரையற்ற தடையை நீக்கினார். ரைஸ் லீக்கிடம் எதையும் மறைக்கவில்லை, ஆகவே ஒரே செயலுக்கு இரண்டாவது தண்டனை கொடுத்தது தவறு என்பது அவருடைய முடிவு. ரைஸ் அதன் பிறகு ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை. ஊர் பார்த்துவிட்டது என்பதற்காக நீக்கும் கழகம், ஊர் பார்க்காதவரை பொறுத்திருந்தது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது.

இதற்குப் பக்கத்தில் அதே லீக்கின் கரீம் ஹன்ட் விவகாரத்தை வைத்துப் பார்க்கலாம். 2018 நவம்பர் இறுதியில், ஒரு விடுதியில் அவர் பெண்ணொருவரைத் தள்ளி உதைக்கும் காணொளி வந்ததும் கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அவரை உடனே விடுவித்தது. அவர்மீது குற்றப்பத்திரிகை எதுவும் தாக்கல் செய்யப்பட்டிருக்கவில்லை. கழகம் சொன்ன காரணம் வேறு: அந்தச் சம்பவம் பற்றி முன்பே கேட்டபோது அவர் உண்மை சொல்லவில்லை. நான் பார்த்தவற்றில், நீக்கியதற்கு ஒரு கழகம் கொடுத்த மிகத் தெளிவான காரணம் இதுதான். அடித்தாரா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் ஆற்றல் கழகத்துக்கு இல்லாமல் இருக்கலாம். தன்னிடம் பொய் சொன்னாரா என்பது அதற்குத் தெரியும்.

உடனே நீக்குவதில் உள்ள ஆபத்துக்குப் பிரேசில் உதைபந்தாட்ட வீரர் டானி அல்வேஸின் விவகாரம் சாட்சி. 2023 ஜனவரி 20ஆம் திகதி பார்சிலோனாவில் நீதிபதி அவரை விளக்கமறியலில் வைத்த அன்றே மெக்சிகோவின் பூமாஸ் கழகம் ஒப்பந்தத்தை முடித்தது. 2024 பெப்ரவரியில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காக நான்கரை ஆண்டுச் சிறைத்தண்டனை. 2025 மார்ச்சில் மேல்நிலை நீதிமன்றம் ஆதாரம் போதாதென்று அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. இதில் கழகம் செய்தது சரியா பிழையா என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நாளில் எடுத்த முடிவின் கீழே நிலம் இரண்டு தடவை புரண்டது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். மறுபக்கத்தில், போதைப்பொருள் பரிசோதனையில் சிக்கிய அட்ரியன் முட்டுவைச் செல்சி 2004இல் நீக்கிவிட்டு, கழகத்துக்கு 17,173,990 யூரோ நட்டஈடு என்ற ஆணையையும் பீஃபாவிடம் பெற்றது. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2009இல் அதை உறுதிப்படுத்தியது. அங்கே ஆய்வுகூட அறிக்கை இருந்தது, சந்தேகத்துக்கு இடமில்லை. வீட்டுக்குள் நடந்ததற்கு அப்படி ஓர் அறிக்கை கிடைப்பதில்லை.

எங்கள் ஊரில் உடனடி நீக்கத்துக்கு எதிராக இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிய காரணம். மனைவி பொலிஸுக்குப் போனால் கணவனின் வருமானம் அன்றே நின்றுவிடும் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த பெண் பொலிஸுக்குப் போகமாட்டார். மாமியாரும் அயலும் அவரிடம் சொல்லப்போவது ஒன்றைத்தான்: "பிள்ளைகளின் சோற்றில் நீயே மண் போடுகிறாய்." போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வாழ்க்கையின் பாரத்தை அயலில் பார்த்துக்கொண்டிருக்கும் பெண், வருமானம் முழுவதையும் இழப்பதா, அடியைத் தாங்குவதா என்று கணக்குப் பார்க்கத் தள்ளப்படுகிறார். நீதி செய்வதாக நினைத்துக் கழகம் எடுத்த முடிவு, நீதி கேட்க வந்தவரையே தண்டித்துவிடுகிறது.

சத்தமில்லாமல் வேறு கழகத்துக்கு அனுப்பிவிடுவது இன்னொரு வழி. இங்கே நடைமுறையில் அதிகம் கைக்கொள்ளப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். கிளிநொச்சியில் பிரச்சினை என்றால் அடுத்த பருவத்தில் முல்லைத்தீவு அணி ஒன்றின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும். ஏன் வந்தார் என்று புதிய கழகம் கேட்காது, பழைய கழகம் சொல்லாது. மன்செஸ்டர் யுனைற்றட் கழகம் தன் வீரர் மேசன் கிறீன்வூட் விடயத்தில் முடிவில் வந்து சேர்ந்த இடமும் இதற்குத் தூரமில்லை. 2022 ஜனவரியில், பெண்ணொருவரைத் தாக்கியதாகவும் பாலியல் வன்முறை செய்ததாகவும் எழுந்த குற்றச்சாட்டில் அவர் கைதானதும் கழகம் ஆட்டத்தில் இருந்தும் பயிற்சியில் இருந்தும் அவரை நிறுத்தியது. முக்கிய சாட்சிகள் விலகியதாலும் புதிய விடயங்கள் வெளிவந்ததாலும் 2023 பெப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. குற்றச்சாட்டுகளை அவர் எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். கழகம் தானே ஒரு விசாரணை நடத்தி, ஆகஸ்டில், குற்றஞ்சாட்டப்பட்ட செயல்களை அவர் செய்யவில்லை என்று தான் கருதுவதாகச் சொல்லிக்கொண்டே, அவர் வேறிடத்தில் ஆடுவது நல்லது என்றும் அறிவித்தது. ஸ்பெயினின் ஹெட்டாஃபேக்கு இரவலாகப் போனார். 2024 ஜூலையில் பிரான்ஸின் மார்செய் அவரை வாங்கியது. வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததுமே அந்த நகரின் மேயர் பகிரங்கமாக எதிர்த்தார். கேள்வி தீரவில்லை, நகரம் மட்டும் மாறியது.

ஐரோப்பாவில் அனுப்பும் கழகத்துக்கும் வாங்கும் கழகத்துக்கும் நடுவில் ஊடகம் இருக்கிறது. வாங்குபவருக்கு எல்லாம் தெரியும். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை. வீரர் போகும் இடத்தில் அவருக்குத் தங்குமிடம் கொடுக்கும் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. இந்த வழியை நான் முற்றாக நிராகரிக்கிறேன். இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் செயலாளர், நிலுவையில் ஒழுக்காற்று விசாரணை இருக்கிறதா என்ற ஒரு வரியையாவது அதில் நிரப்ப வேண்டும்.

மிஞ்சுவது இடைநிறுத்தம். இதிலும் இரண்டு வகை உண்டு, அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் பெரியது.

சம்பளமில்லா இடைநிறுத்தத்தின் கதை பெஞ்சமின் மெண்டியினுடையது. 2021 ஆகஸ்டில் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பதிவானதும் மன்செஸ்டர் சிற்றி அவரை இடைநிறுத்தி, செப்டம்பரில் இருந்து சம்பளத்தையும் நிறுத்தியது. 2023 ஜனவரியிலும் ஜூலையிலும் ஜூரிகள் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தனர். இடையில் வழக்குச் செலவுக்குச் சக வீரர்களிடம் கடன் வாங்கியதாக அவர் சொன்னார். நிலுவைச் சம்பளம் 11 மில்லியன் பவுணுக்கும் மேல் என்று தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2024 நவம்பரில் தீர்ப்பாயம் அதில் பெரும்பகுதி அவருக்குரியது என்றது. பிணை நிபந்தனையை மீறியதற்காகத் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு மட்டும் கழகம் கொடுக்கத் தேவையில்லை. மற்றக் காலத்தில் அவர் வேலைக்கு ஆயத்தமாகவே இருந்தார். இடைநிறுத்தமும் பிணை நிபந்தனைகளும்தான் தடுத்தன. அந்த நிலையில் சம்பளத்தை நிறுத்த ஒப்பந்தத்தில் இடமில்லை. உலகின் பணக்காரக் கழகங்களில் ஒன்று, தன் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இல்லாததால் தோற்றது.

சம்பளத்தோடு இடைநிறுத்துவதற்கு அமெரிக்க லீக்கில் முறையாக ஓர் ஏற்பாடு இருக்கிறது: லீக் ஆணையாளரின் விலக்குப் பட்டியல். அதில் சேர்க்கப்பட்டவர் ஆட முடியாது, சம்பளம் தொடரும். அந்த ஏற்பாடு இருந்தும் மினசோட்டா வைக்கிங்ஸ் 2014 செப்டம்பரில் தடுமாறியது. நான்கு வயது மகனைத் தடியால் அடித்துக் காயப்படுத்தியதற்காக ஏட்ரியன் பீட்டர்சன் மீது குற்றம் சாட்டப்பட்டது. கழகம் ஒரு ஆட்டத்தில் அவரை நிறுத்தியது, அந்த ஆட்டத்தில் தோற்றது, மறுநாளே அவரைத் திரும்ப எடுப்பதாக அறிவித்தது. அன்றே அனுசரணையாளரான ஹோட்டல் நிறுவனம் தன் ஆதரவை நிறுத்திவைத்தது. இரண்டு நாளில் கழகம் முடிவை மாற்றி அவரை விலக்குப் பட்டியலில் போட்டது. தந்தை கண்டிப்பதற்காக அடித்தார் என்ற வாதம் அங்கேயும் எழுந்தது, இங்கேயும் எழும். தோல்வி ஒரு பக்கம் தள்ள, பணம் மறுபக்கம் தள்ள, அந்த நான்கு வயதுப் பிள்ளைக்காக எடுக்கப்பட்ட முடிவு என்று அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் ஓடும் எங்கள் கழகங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எங்கள் நாட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும் உதாரணம் கிரிக்கெட்டில் இருக்கிறது. தனுஷ்க குணதிலக்க 2022 நவம்பரில் பாலியல் குற்றச்சாட்டில் சிட்னியில் கைதானதும் இலங்கை கிரிக்கெட் நிறுவனம் அவரை எல்லா வகைப் போட்டிகளிலிருந்தும் இடைநிறுத்தியது. 2023 செப்டம்பரில் அவர் விடுதலையானார். ஒக்டோபரில் தடை நீங்கியது. ஏறத்தாழ ஓர் ஆண்டு. விளையாட்டு வீரருக்கு ஓர் ஆண்டு சிறிய இழப்பு இல்லை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இடைநிறுத்தத்தை நீக்க முடியும்; முறித்த ஒப்பந்தத்தையும் போட்ட கோலையும் திரும்ப எடுக்க முடியாது.

ஆகவே என் தெரிவு, பணத்தோடும் தவணையோடும் கூடிய இடைநிறுத்தம். வன்னிக் கழகம் ஒன்று அதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன். பருவத் தொடக்கத்தில் வீரரைப் பதிவு செய்யும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் எழுத வேண்டும். தமிழில், வீரர் வாசித்து விளங்கக்கூடிய வசனங்களில். மற்றொருவரை உடலால் தாக்கியதாகவோ பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகவோ பொலிஸில் முறைப்பாடு பதிவானால், வீரர் 48 மணித்தியாலத்துக்குள் கழகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் அன்றிலிருந்து அவர் அணியில் இல்லை. மறைத்தாலோ, கேட்டபோது பொய் சொன்னாலோ, முறைப்பாட்டாளரை அச்சுறுத்தினாலோ, நீதிமன்றக் கட்டளையை மீறினாலோ ஒப்பந்தம் முடியும். ஹன்ட் விவகாரத்தில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். நீக்குவதற்கான காரணங்கள் கழகத்தால் தானே சரிபார்க்கக்கூடியவையாக இருக்கட்டும்.

பணம் தொடர வேண்டும். மாதக் கொடுப்பனவு என்றால் அது. ஆட்டத்துக்கு ஆட்டம் என்றால் கடைசி ஐந்து ஆட்டங்களின் சராசரி. பதிவின்போதே வீரர் இன்னொரு வரியிலும் கையெழுத்திட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்: இடைநிறுத்தக் காலத்தில் என் கொடுப்பனவின் பாதி, நான் இங்கே குறிப்பிடும் மனைவி அல்லது தாயின் வங்கிக் கணக்குக்குப் போகச் சம்மதிக்கிறேன். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய சம்பளத்தைக் கழகம் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. பிரச்சினை வந்த பிறகு அந்தச் சம்மதம் கிடைக்காது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம், பாதிக்கப்பட்டவருக்கு அவசரப் பண உதவி கொடுக்கும்படியும் சொல்லலாம். கழகம் வருமானத்தை அடியோடு நிறுத்திவிட்டால் அந்தக் கட்டளையை எதைக்கொண்டு நிறைவேற்றுவார்?

ஆடாதவருக்குப் பணம் கொடுக்க எங்களிடம் எங்கே பணம் என்று பொருளாளர் கேட்பார். நியாயமான கேள்வி. இறுதியாட்டப் பரிசுத்தொகையை எதிர்பார்த்து வெளியூர் வீரர் ஒருவரை ஒரே நாளுக்கு இறக்கக் கொடுக்கும் பணத்தை எங்கே தேடுகிறார்களோ, அங்கேயேதான் இதையும் தேட வேண்டும். புலம்பெயர் உறவுகளிடம் சீருடைக்குக் கேட்பதுபோல் இதற்கும் கேட்கலாம். விளக்கினால் கொடுப்பார்கள்.

விசாரணையை நிர்வாகசபையிடம் விடக் கூடாது. வீரரின் மச்சானும் சித்தப்பாவும் அந்தச் சபையில் இருப்பார்கள். சிறிய ஊரில் அது தவிர்க்க முடியாதது. மூவர் போதும்: ஒருவர் கழகத்துக்கு வெளியே இருந்து, ஒருவராவது பெண். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் விளையாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள், ஆலோசனை கேட்கலாம். இந்த மூவரின் வேலை குற்றவாளியா என்று தீர்ப்பளிப்பது இல்லை. இவரை எங்கள் சீருடையில் இறக்கலாமா என்பது மட்டுமே அவர்கள் முன் உள்ள கேள்வி. முதல் முடிவு 21 நாளில். பிறகு மாதம் ஒரு தடவை மீளாய்வு. பருவ முடிவோடு இடைநிறுத்தமும் ஒப்பந்தமும் ஒன்றாக முடியும். பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் இழப்பது சில ஆட்டங்களையே, வருமானத்தை அல்ல.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அந்தப் பெண்ணைக் கழக அறைக்கு அழைத்து, பெரியவர்களை வைத்து, சமாதானம் பேச வைக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பத்து ஆண்கள் அமர்ந்திருக்கும் அறையில், அணியின் வெற்றியும் ஊரின் பெயரும் தன் வாயில் தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒரு பெண் சொல்லும் சம்மதம் சம்மதமாகாது. பால்டிமோரில் நடந்ததும் அதுதான், அங்கே ஒலிவாங்கி இருந்தது என்பதே வித்தியாசம். அவர் பேச விரும்பினால், அவர் தெரிவு செய்யும் இடத்தில், குழுவில் உள்ள பெண்ணிடம் பேசட்டும். விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லலாம்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. முறைப்பாடு ஒரு பிள்ளையைப் பற்றியதாக இருந்தால், அல்லது பயிற்றுநர் ஒருவர் தன்னிடம் பழகும் சிறுமிகளிடமோ சிறுவர்களிடமோ நடந்துகொண்ட விதத்தைப் பற்றியதாக இருந்தால், 21 நாளும் மூவர் குழுவும் அதற்கில்லை. பெண் பிள்ளைகள் இங்கே உதைபந்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை அனுப்பச் சம்மதித்த தாய்மார் எங்களை நம்பித்தான் அனுப்புகிறார்கள். அப்படியொரு சொல் காதில் விழுந்த அன்றே அந்த மனிதர் பயிற்சித் திடலுக்கு வரக் கூடாது, பிள்ளைகள் ஏறும் வாகனத்தில் ஏறக் கூடாது, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இருக்கக் கூடாது. சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அன்றே அழைக்க வேண்டும். அழைப்பவர் தலைவரா செயலாளரா என்று கூட்டம் கூடித் தீர்மானிக்கத் தேவையில்லை. முதலில் கேள்விப்பட்டவர் அழைக்கட்டும்.